ஷாம்பூவில் குளித்து வந்த பெட்டி

சான் கசிமிரோ,
இலோய்லோ மாகாணம்.
புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பு மகள் லுஸ்விமிந்தாவுக்கு உன் அப்பா தியோடுல்ஃபோ பகுந்தாலான் எழுதுவது.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ வயிறு நிறையச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து, ஒரு நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நம் ஊர்ப் புனிதரை வேண்டிக்கொள்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே. பஹ்ரைனில் வெயில் அதிகம் என்கிறாய், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடு. இங்கே உன் அம்மா சௌக்கியம், தம்பி ரோடெல் சௌக்கியம், நானும் சௌக்கியமாக இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள்; எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. எதற்கும் கவலைப்படுகிற ஆள் இல்லை நான் என்பது உனக்கே தெரியும். இருந்தாலும் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், நாளைக் காலை பஹ்ரைனுக்குத் திரும்புகிற பெர்லாவின் கைப்பையில் வைத்து அனுப்புகிறேன். ஒன்று, தபால் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. இரண்டாவது, சனிக்கிழமைக்குள் நீ எனக்கு ஃபோன் பண்ணியாக வேண்டும். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாதே.

முதலில் நல்ல செய்தி. நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பத்திரமாக என்ற சொல்லை ரொம்பப் பிடித்துக்கொள்ளாதே, வந்து சேர்ந்தது என்பதைப் பிடித்துக்கொள். அழாதே. போன வருஷம் ஊறுகாய் ஜாடி உடைந்தது என்று சொன்னதற்கே ஃபோனில் பேச வேண்டிய மூன்று நிமிஷமும் நீ அழுதாய். நாங்கள் ஃபோன் இருக்கிற மருந்துக்கடையில் வரிசையாக நின்று உன் அழுகையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அதனால்தான் இந்த முறை உனக்கு உடனே சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியாத நிலைமை வந்துவிட்டது.

தபால் நிலையத்திலிருந்து சீட்டு வந்ததும் நான் தேவாலயத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே கவுண்டரில் புதிதாக ஒரு பெண், சுமகாய்சாய் என்று பெயர். நம் ஊரில் பிறந்தவள் இல்லை என்று பெயரிலேயே தெரிகிறது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தாள். பெட்டியா அது! நீ சதுரமாகத்தானே அனுப்பினாய்? ஒரு பக்கம் எருமை உட்கார்ந்து எழுந்த மாதிரி அமுங்கியிருக்கிறது, இன்னொரு பக்கம் வீங்கியிருக்கிறது, அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒழுகுகிறது. அவள் கண்ணை நிமிர்த்தாமலே, "கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள். நான் விடுவேனா?

"பொட்டியப் பாரும்மா. ஒழுகுது."

"ஒழுகுதுன்னு புகார் குடுக்கணும்னா உள்ள எது ஒடஞ்சிருக்குன்னு சொல்லணும் சார்."

"சரி, தொறந்து பாத்துச் சொல்றேன்."

"கையெழுத்துப் போடாம தொறக்கக் கூடாது சார்."

"அப்ப போட்டுட்டுத் தொறக்கறேன்."

"போட்டுட்டா நல்ல நெலமைல வாங்கிக்கிட்டதா அர்த்தம். அப்புறம் புகார் செல்லாது."

"ஏம்மா, அப்ப ஒடஞ்ச பொட்டிக்கு எப்பத்தான் புகார் குடுக்கறது?"

"அது மேலிடத்துல கேக்கணும் சார். அடுத்த ஆளு வாங்க."

மிந்தா, நான் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் காலமெல்லாம் நின்றவன். கரும்பு லாரிக்காரன் ஒருவன்கூட என்னை ஏமாற்றியதில்லை. எனக்கா வழி தெரியாது? ஒழுகுகிறதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வாயெல்லாம் நுரை. "ஷாம்பூ!" என்று கத்தினேன். அந்தப் பெண், "எந்தக் கம்பெனி, எத்தன பாட்டிலு?" என்கிறாள். நான் இன்னொரு சொட்டு ருசி பார்க்கக் குனிந்தபோது பின்னால் இருந்து ஒரு கை என்னைத் தாண்டி வந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. பார்த்தால் நம் கிறிஸ்புலோ. ஐஸ் ஃபாக்டரியில் மோட்டார் பார்க்கிறானே, பல்மாரெஸ் வீட்டுப் பையன், காது இரண்டும் விரிந்திருக்குமே, அவன்தான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறான். "ஐயா, கையெழுத்தப் போடுங்க. நீங்க வாதாடறதுக்குள்ள உள்ள இருக்கற அத்தனையும் கரைஞ்சுடும்" என்றான். போட்டேன். வெளியே வந்தால் தூறல். ஷாம்பூவும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்புலோ முன்னால் போக, சந்தைத் தெரு முழுக்க வெள்ளை நுரை கோடு போட்டுக்கொண்டே வந்தது. பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் நாய்கள், நாய்களுக்குப் பின்னால் கொன்சோர்சியா அத்தை. பெட்டி வந்திருக்கிறது என்று ஊருக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டு முற்றத்தில் கூட்டம். வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்த அன்றைக்கே பிரித்துக் கொடுக்காவிட்டால் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும்; பவுலினோ வீட்டில் மறுநாள் தருகிறோம் என்று சொன்னதற்கு இன்னும் அவர்களைக் கஞ்சர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன் அம்மா கத்தியை எடுத்து நாடாவை அறுத்தாள். எல்லோரும் வழக்கம்போல மூக்கை நீட்டி வெளிநாட்டு வாசனை பிடித்தார்கள். இந்த முறை வாசனைக்குக் குறைவே இல்லை. ஆனால் மிந்தா, நீ ஒவ்வொரு சாமானிலும் யார் யாருக்கு என்று நீல மையில் பெயர் எழுதி அழகாகச் சீட்டு ஒட்டியிருந்தாயே, அத்தனையும் கரைந்துவிட்டது. சீட்டெல்லாம் நீலக் கஞ்சி. நான்கைந்து சீட்டில் மட்டும் குடும்பப் பெயரின் முதல் எழுத்து தப்பியிருந்தது. தப்பி என்ன பிரயோஜனம்? எந்தக் காலத்திலோ ஒரு ஸ்பானியத் துரை குடும்பப் பெயர் வைக்க ஊருக்கு ஓர் எழுத்து என்று பங்கு வைத்துவிட்டுப் போனதில், பகுந்தாலானிலிருந்து பல்மாரெஸ் வரை நம் ஊர் முழுக்க ஒரே எழுத்து. பாதர் செவெரினோவும் தபால்காரியும் தவிர எவனுக்கு வேண்டுமானாலும் அந்தச் சீட்டு பொருந்தும்.

உன்னிடம் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் அழுவாய். கூட்டமோ நகரவில்லை. அதனால் நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று, "யாரும் கவலப்படாதீங்க, என் மகளோட மனசு எனக்குத் தெரியும். எது யாருக்குன்னு நான் சொல்றேன்" என்று அறிவித்தேன். உன் அம்மா, "எறங்குங்க கீழ" என்றாள். நான் இறங்கவில்லை. கிறிஸ்புலோ போய் ஃபாக்டரியிலிருந்து பெரிய மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, தகரத்தில் பரப்பி, காற்றில் காய வைத்தான். அவன் காய வைக்க வைக்க நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் கைக்கு வந்தது தலைச்சாயம், நல்ல கறுப்பு. நல்ல காரியம் தேவாலயத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று பாதர் செவெரினோவிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் அவர் தலையில் ஒரு முடிகூட இல்லை என்பது ஞாபகம் வந்தது. பாதர் டப்பாவைப் பார்த்தார், தலையைத் தடவினார், "மிந்தாவுக்காக ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து உடம்பு இளைக்கிற டீ. அதைப் பூப் போட்ட பொட்டலமாக இருக்கிறதே என்று கொன்சோர்சியா அத்தைக்குக் கொடுத்தேன், அவள் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏண்டா டுல்போ, ஒம் பொண்ணுக்கு நான் பஹ்ரைன்லேர்ந்தே தெரியறேனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள் போனவள்தான், இன்னும் பேச்சில்லை. வாய் நாற்றத்துக்குக் கொப்பளிக்கிற மருந்து கிராமத் தலைவருக்குப் போனது. அவர் அதை இருமல் மருந்து என்று நினைத்துச் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கிறார், ஒன்றும் ஆகவில்லை, கூட்டங்களில் இப்போது முன்வரிசையிலும் ஆட்கள் உட்காருகிறார்கள், ஆக அந்த விஷயத்தில் நான் ஊருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். பெண்கள் உள்ளே போடுகிற அந்தப் பெரிய அளவுச் சமாசாரம் யாருக்கு என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. பாடகர் குழு அம்மாள் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், அவளுக்குத்தான் என்று நீயும் சொல்லிவிடு. டின்களின் காகிதமெல்லாம் உரிந்து எல்லாம் ஒரே மாதிரி மொட்டையாக இருக்கின்றன. தினமும் சாப்பாட்டு வேளையில் லாட்டரிதான். நேற்று ரோடெல் மாட்டிறைச்சி வர வேண்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டு டின்னைத் திறந்தான், பீச் பழம் வந்தது. சோற்றோடு சாப்பிட்டோம். பாகு இருந்ததால் சோறு சுலபமாக இறங்கியது.

சாக்லேட் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பார்வைக்கு நன்றாக இருந்தது, கிலோக் கணக்கில் பிள்ளைகளுக்கு வாரிக் கொடுத்தேன். கடித்த பிள்ளைகள் வாயிலெல்லாம் நுரை. ஒரு குழந்தை குமிழி விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது பவுலினோவின் பெண்டாட்டி, தன் வாயிலும் நுரையோடு, "வெளிநாட்டு சாக்லேட்டுன்னா இப்படித்தான் இருக்கும். நமக்குத்தான் நாக்குப் பழகல" என்றாள். அதற்கப்புறம் ஒருத்தரும் துப்பவில்லை. அவள் போகும்போது மடி நிறைய இன்னொரு பங்கு வாங்கிக்கொண்டு போனாள்.

இதுவரை நடந்ததையெல்லாம் நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். இனிமேல்தான் விஷயம். தண்ணீர் குடித்தாயா?

கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சாமான். ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம். வெள்ளி நிறப் பட்டை, கனமாக இருந்தது. இத்தனை சாமானிலும் நீ அதிகம் யோசித்து வாங்கியது அதுதான் என்று தொட்டாலே தெரிந்தது. அழுத்தமாக மூடிய நீலப் பெட்டிக்குள் இருந்ததால் ஷாம்பூ உள்ளே போகவில்லை. மேலே ஒட்டிய சீட்டு மட்டும் கரைந்திருந்தது. யாருக்கு? ரோடெலுக்குப் போன கிறிஸ்துமஸுக்கே ஒன்று அனுப்பிவிட்டாய். பாதருக்கும் தலைவருக்கும் கொடுத்தாகிவிட்டது. எனக்கு எப்போதும் அனுப்புகிற பனியனும் மூட்டுவலித் தைலமும் வந்துவிட்டன. நான் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்று முழிக்கிறேன், மொத்த முற்றமும் என்னைப் பார்க்கிறது. உன் அம்மா என் கணுக்காலைக் கிள்ளி, "காலைலேர்ந்து ஒத்தாச பண்ணவன் நிக்கறானே, அவனுக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள். அட, நியாயம்தானே என்று பட்டது. என் பங்குக்கு நானும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அவனுக்குக் கௌரவமாக இருக்கும் என்று நினைத்து, "இந்தா கிறிஸ்புலோ. இது மிந்தா உனக்குன்னே அனுப்பினது" என்று உரக்கச் சொல்லி நீட்டினேன்.

மொத்த முற்றமும் ஒரே குரலில் கேலியாக "ஊய்ய்ய்ய்!" என்று கத்தியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். "அடிச்சாண்டா ஐஸ்காரன்!" என்றான் ஒருவன். "பாத்துடா, உருகிடப் போற" என்றான் இன்னொருவன். கிறிஸ்புலோ கையைக் கால்சட்டையில் துடைக்கிறான், துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எனக்கா ஐயா?"

"ஒனக்குத்தான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கேவா?"

"ஏம்ப்பா, என் மக மனசு எனக்குத் தெரியாதா? வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டான். கூட்டம் கலைந்தது. ஒரு வழியாக எல்லாவற்றையும் நியாயமாகப் பங்கு போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

நேற்று கிறிஸ்புலோவின் அம்மா சலுஸ்தியானா வந்தாள். பட்டு உடுத்தி, ஒரு கூடை அரிசிப் பலகாரத்தோடு. வந்தவள் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு என்னைப் பார்த்து, "சம்பந்தி" என்றாள். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"எவ்வளவு பண்பான பொண்ணு சம்பந்தி உங்க பொண்ணு! வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அப்பா கையால, ஊரு முன்னால குடுக்க வெச்சிருக்கா. எம் புள்ள அதக் கைலேர்ந்து கழட்டவே மாட்டேங்கறான், குளிக்கறப்ப கைய வெளில நீட்டிக்கிட்டுக் குளிக்கறான். இனிமே பெரியவங்க உக்காந்து பேசறதுதானே மொறை? வர்ற ஞாயித்துக்கெழம சுட்ட பன்னியோட பொண்ணு கேட்டு வர்றோம்."

அவள் போனதும் உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "பானிங், ஒத்தாசை பண்ணதுக்குக் குடுத்த சாமானுக்கு இப்படி ஒரு அர்த்தமா? அந்தப் பையனுக்கும் நம்ம பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?" என்றாள்.

"என்ன தெரியாதா?"

"நம்ம தண்ணித் தொட்டிய யாரு கழுவறா?"

"கிறிஸ்புலோ."

"கூரை ஓட்டைய?"

"அவன்தான். நல்ல பையன்."

"வாரா வாரம் மீன் கொண்டாந்து தர்றானே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"அவனுக்கு மீன் நெறையக் கெடைக்குதுன்னு நெனச்சேன்."

"அவன் ஐஸ் ஃபாக்டரில வேல செய்யறான். மீன காசு குடுத்து வாங்கிட்டு வர்றான். ஒரு பொண்ண மனசுல வெச்சுக்கிட்டு அவ வீட்ல வேல செய்யறது நம்ம ஊர்ல புதுசா? நீங்க எங்க வீட்ல வெறகு பொளக்கலையா?"

பிளந்தேன்தான். ஆனால் நான் பிளந்தபோது உன் அம்மா வீட்டுக்குள் இருந்தாள். இவன் பாவம், நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது இங்கே வந்து என் தொட்டியைக் கழுவியிருக்கிறான். ஊரில் நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நான் அவனிடம் போன மாதம் கழிவறைக் குழாயையும் பார்க்கச் சொன்னேன்.

இப்போது என் நிலைமையைப் பார் மிந்தா. கடிகாரம் தவறிப் போய்விட்டது, திருப்பிக் கொடு என்று கேட்கலாம். ஊர் முன்னால் கொடுத்ததை ஊருக்குத் தெரியாமல் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால் அவன் சந்தைத் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பான்? "ஐஸ்காரன் உருகிட்டான்" என்று சாகும் வரை சொல்வார்கள். சரி, சும்மா இருந்துவிடலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பன்றி வந்துவிடும். பன்றி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரிதான். எத்தனையோ லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சுட்ட பன்றியைத் திருப்பி அனுப்பியதில்லை.

பையன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குறைகள் நிறைய உண்டு. காது பெரிது. பேச மாட்டான். நாள் முழுக்க ஐஸோடு இருப்பதால் கை குளிர்ந்து கிடக்கும். பாட வராது, ஆனால் உன் அம்மா பாடினால் கடைசி வரை உட்கார்ந்து கேட்பான், அது என்னாலேயே முடியாதது. சீட்டாட்டத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கிறான் என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. ஆனால் நீ நர்ஸ். உன்கூட வேலை பார்க்கிற டாக்டரோ எஞ்சினியரோ யாராவது உன் மனசில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? உன் மனசு தெரியும் என்று ஸ்டூல் மேல் ஏறி நின்று சொன்ன ஆளுக்கு எது தலைச்சாயம், எது யாருக்கு என்பதே தெரியவில்லை. இந்த வீட்டின் கூரை நீ போட்டது, ரோடெலின் படிப்பு நீ கொடுத்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஷாம்பூச் சாக்லேட்டோடு சேர்த்து உன்னையும் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை மிந்தா. பீச் பழப் பாகு ஊற்றியும் இறங்கவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மருந்துக்கடைக்கு ஃபோன் பண்ணு. நான் அங்கேயே நிற்பேன். "முடியாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல். காரணம் சொல்ல வேண்டாம், அழ வேண்டாம், காசு வீணாகும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அங்கே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய், பல வருஷத்துக்கு வர முடியாது என்று நானே சலுஸ்தியானா வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன். அவள் அழுவாள், நான் நின்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாப் பழியும் தபால் மேல் போகட்டும், அதற்குத் தாங்கும்.

ஒழுங்காகச் சாப்பிடு. குளிர்சாதனத்துக்கு நேராகப் படுக்காதே. உன் அம்மாவின் முத்தங்கள், ரோடெலின் அன்பு, கொன்சோர்சியா அத்தை பேச ஆரம்பித்தால் அவளுடைய விசாரிப்பும். ஆண்டவரும் நம் ஊர்ப் புனிதரும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் நன்மையை மட்டுமே நினைக்கிற,
அப்பா
தியோடுல்ஃபோ பகுந்தாலான்

பி.கு. வியாழக்கிழமை காலை. ஒட்டிய உறையை மறுபடி கிழித்துவிட்டேன். வாசலில் பெர்லா ஏறி வந்திருக்கிற மோட்டார் ட்ரைசிகிள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது, மேலே இருப்பதை மாற்றி எழுத நேரமில்லை. கொஞ்சம் முன்னால் கிறிஸ்புலோ வந்தான். கடிகாரம் கையில் இல்லை, நீலப் பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தான். பெட்டியை என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தான். மூடியின் உள்பக்கம், ஷாம்பூ படாத இடத்தில், உன் கையெழுத்தில் "அப்பாவுக்கு" என்று இருக்கிறது. அன்றைக்கு நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன், மூடியைப் பார்க்கவில்லை; இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

"காய வெக்கறப்பவே பாத்துட்டேன் ஐயா. ரெண்டு தடவ கேட்டேன், எனக்கான்னு. நீங்க எனக்குத்தான்னு சொன்னீங்க. ஊரே கத்துச்சு. எனக்கு வேற சந்தர்ப்பம் கெடைக்காதுன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன். தப்புதான். அம்மா பன்னி வெல பேசற வரைக்கும் வாயத் தொறக்கல. அப்புறம் தாங்கல. நேத்து இலோய்லோ டவுனுக்குப் போயி மிந்தாவுக்கே ஃபோன் பண்ணிட்டேன்."

"என்னடா சொன்ன?"

"அம்மா பன்னியோட பொண்ணு கேட்டு வரப்போறது வரைக்கும் சொன்னேன். உங்கப்பா கடிகாரத்தக் கட்டிக்கிட்டிருக்கேன், திருப்பிக் குடுத்துடவான்னு கேட்டேன். சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே இருந்துது. மூணு நிமிஷமும் சிரிப்புதான். ஆபரேட்டரும் சேந்து சிரிச்சான். லைன் கட்டாவப் போறப்ப, 'அத நீங்களே கட்டிக்குங்க, அப்பாவுக்கு நான் வேற வாங்கித் தர்றேன்'னுது. அவ்வளவுதான், கட்டாயிடுச்சு. ராத்திரி பூரா யோசிச்சேன். அதுக்கு என்ன அர்த்தம் மாமா?"

மாமாவாம்! இத்தனை நாள் ஐயா, இப்போது மாமா. "அர்த்தமா? உங்கம்மாவ பெரிய பன்னியாப் பாத்து வாங்கச் சொல்லு, அதான் அர்த்தம்" என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான். உன் அம்மாவும் கூட உட்கார்ந்து அழுகிறாள். நான் அழவில்லை, மை கலைந்திருப்பது ட்ரைசிகிள் புகையால். எனக்கு வேறு கடிகாரம் எல்லாம் வேண்டாம் மகளே. சனிக்கிழமை நாலு மணிக்கு ஃபோன் மட்டும் பண்ணு. நான் சொல்லச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் சொல்.